பெயர் மாற்றப்பட்ட அண்ணன்

காலை ஏழு மணிக்குக் காவேரி ஒரு கையில் சோற்றுத் தூக்குப்போசியும் மறு கையில் நோட்டுமாக, மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் நடந்தாள். காட்டின் கோடியில் கிணறு, அதை ஒட்டி மோட்டார் ரூம். ஆறு வருஷமாக அவளுடைய அண்ணன் நவநீதன் அதற்குள்தான் குடியிருக்கிறான். ஊருக்குச் சொல்லிவைத்திருப்பது வேறு. பாப்பிரெட்டிப்பட்டியில் யாரைக் கேட்டாலும், பெங்களூரில் கம்பெனி வேலை, பாவம், லீவே கிடைப்பதில்லை என்பார்கள்.

சேலத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது அவனுக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. டாக்டர் கொடுத்த மாத்திரை ஓரளவு கேட்டது. ஊர் வாய்க்குத்தான் மருந்து கிடைக்கவில்லை. "பொட்டப்புள்ள ஒண்ணு வூட்ல நிக்குது. இவன் இப்படின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?" என்று சொல்லி, தாய் பாஞ்சாலி அவனைத் தோட்டத்தோடு நிறுத்திவிட்டாள்.

அந்தப் பொட்டப்புள்ளைதான் காவேரி. அவள் தருமபுரியில் படிப்பது மனநல ஆலோசகர் ஆவதற்கான எம்.எஸ்ஸி. படிப்பு. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவள் சிரிக்கவில்லை, கல்லூரியையும் மோட்டார் ரூமையும் அவள் ஒரு நாளும் சேர்த்து நினைத்ததே இல்லை.

நினைக்க வைத்தது கடைசி வருஷம். ஒரு ஆளோடு எட்டு முறை உட்கார்ந்து பேசி, அறிக்கை எழுதி வகுப்பில் படித்தால்தான் பட்டம். பயிற்சிக்காக அவளை ஓர் ஆஸ்பத்திரியில் ஆலோசனை அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அறைக்கு வெளியே இருந்த பலகையைப் படித்ததும் ஆட்கள் பக்கத்துப் பல் டாக்டர் அறைக்கு வந்தவர்கள் போல நகர்ந்துவிட்டார்கள். துணிந்து வந்த ஒருத்தியும், "எங்க ஊர்க்காரரு பாத்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டு மறுமுறை வரவில்லை. தேதி நெருங்கியது. அப்போதுதான் காவேரிக்கு அண்ணன் ஞாபகம் வந்தது.

சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடாது என்பது முதல் வருஷப் பாடம். அது அவளுக்கு மனப்பாடம். அறிக்கையில் அண்ணனுக்கு அன்பு என்று பெயர் வைத்தாள், ஊரைக் கம்பைநல்லூர் ஆக்கினாள். சம்மதப் படிவத்தில் அவளே இடது கையால் கையெழுத்துப் போட்டாள். அண்ணனிடம், "சும்மா பேசிட்டிருக்கலாம்ணா" என்றாள்.

முதல் நாள் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் குளித்துத் தலை சீவிக் கட்டிலை உதறிப் போட்டிருந்தான். ஐந்தாம் நாள் தானாகவே பேசினான்.

"குரலு கேக்கறதுகூடப் பரவால்ல பாப்பா. காட்டுக்கு யாராச்சும் வந்தா அம்மா வெளிய தாப்பாள் போட்டுட்டுப் போவுது பாரு, அந்தச் சத்தந்தான் தாங்கல."

காவேரி அதை எழுதிக்கொண்டு, கீழே இரண்டு கோடு போட்டாள். நல்ல மார்க் வாங்கித் தரும் வரி.

இன்றைக்குத் தூக்குப்போசியோடு வந்தது எட்டாவது நாள். பேசி முடித்து நோட்டை மூடினாள்.

"அவ்ளோதாண்ணா, முடிஞ்சுது."

"நாளைக்கு?"

"பாக்கலாம்ணா."

அதற்குப் பிறகு பாஞ்சாலிதான் சோறு கொண்டுபோனாள். காவேரி அறிக்கை எழுதுவதில் மும்முரமாக இருந்தாள்.

பத்து நாள் கழித்து அதை வகுப்பில் படித்தபோது ஒருவரும் அசையவில்லை. பேராசிரியை வஹிதா லேசில் யாரையும் பாராட்டாதவர். அவரே, "ரொம்ப நல்லா கேட்டிருக்கம்மா" என்றார். பிறகு தாளைப் புரட்டினார்.

"தங்கை ஒருத்தி, ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதியிருக்கியே. அவகிட்ட பேசினியா?"

"பேசினேன் மேடம். கல்யாணம் தடைபடும்னு அவங்களுக்குப் பயம்."

"சரி. நீ நிறுத்தின பிறகு அன்பு எப்படி இருக்காரு?"

காவேரி நோட்டைப் புரட்டினாள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அண்ணன் பத்து நாளாக எப்படி இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. "விசாரிச்சுச் சொல்றேன் மேடம்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே காட்டுக்குப் போனாள். நவநீதன் துவைத்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"பாப்பா, தெனமும் குளிச்சிட்டு உக்காந்திருந்தேன். நீ வரல. நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா?"

காவேரிக்கு உடம்பு கூசியது. யாரோ அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஆறு வருஷத்தில் ஒருத்தி வந்து காது கொடுத்தாள், அவளும் மார்க்குக்காக வந்தவள்! கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெயரை மாற்றியதை, கையெழுத்தை, எட்டோடு கணக்கு முடிந்ததை.

"அப்ப நான் சொன்னதெல்லாம் அந்த அன்பு சொன்னதா?" என்றான் அவன்.

"எங்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றியாண்ணா? வேற நல்ல டாக்டரா பாத்து, நேருக்கு நேரா பேசலாம்" என்றாள் தரையைப் பார்த்தே.

"பகல்லயா?" என்று கேட்டான் அவன். அந்த ஒரு சொல்லுக்காகவும் அவள் வெட்கப்பட்டாள்.

மறுநாள் வஹிதாவிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். "இது ரத்து. இன்னொரு பருவம் இருந்து, முதல்ல இருந்து பண்ணணும்" என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. காவேரியும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அண்ணனும் தங்கையும் கிளம்பியபோது பாஞ்சாலி வாசலை மறித்தாள்.

"ஏண்டி, எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கற நேரம்டி! அடுத்த வாரம் உன்னப் பாக்க வராங்க, மானம் போயிடும்!"

"அண்ணன உள்ள வச்சுத் தாப்பாள் போட்டமே, அன்னைக்கே போயிடுச்சும்மா" என்றாள் காவேரி. தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விலகி நின்றாள்.

பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். பக்கத்துக் காட்டுக் கொட்டாய் வீட்டில் குடியிருக்கும் உரக்கடை சென்றாயன் நவநீதனை உற்றுப் பார்த்தார்.

"யாரு கண்ணு, நவநீதனா? எப்ப வந்தாப்ல பெங்களூர்ல இருந்து?"

நவநீதன் தலையைக் குனிந்துகொண்டான். தங்கை என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருப்பது தெரிந்தது. 'நேத்துதாங்க' என்று சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

"பெங்களூருக்குப் போவவே இல்லீங்க. எங்க அண்ணனுக்கு மனசுல நோய். ஆறு வருசமா எங்க மோட்டார் ரூம்லயே மறைச்சு வச்சிருந்தோம். இப்பதான் வைத்தியத்துக்குப் போறோங்க."

நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சென்றாயன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். பஸ் தூரத்தில் வருவது தெரிந்ததும் அவள் பக்கமாக நகர்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த டாக்டரு எந்தெந்தக் கெழம இருப்பாரு கண்ணு? எம் பொண்ணு சசிகலா நாலு வருசமா வூட்ட விட்டு வெளிய வரதில்ல. வெளிய சொல்லல. உங்க வூட்ல எல்லாம் நல்லா இருக்கறீங்க, எங்க வூட்லதான் இப்படின்னு நெனச்சிட்டிருந்தோம்."

பேசுவதற்கு ஆளே கிடைக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த காவேரி, தினமும் அந்தப் பெண்ணின் வாசலைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போயிருக்கிறாள்.

"நாங்க மறைச்சதப் பாத்துத்தான் நீங்களும் மறைச்சிருக்கறீங்க" என்றாள். "நோய்ல வெக்கம் எதுவும் இல்லீங்க. மறைச்சமே, அதுலதான் இருக்குது. ஒரு வூடு மூடினா பக்கத்து வூடும் மூடிக்குது. சசிகலாவையும் கூட்டிட்டு வாங்க, சேந்தே போலாம்."