கொட்டாவிச் சீமாட்டி

மச்சினன் கொண்டுவந்து வைத்த பிஸ்கட் பெட்டியைப் பார்த்ததும் அருங்காட்சியகத்துப் புகைப்படக்காரருக்கு டீ புரையேறியது. மூடியில் கொட்டாவி விடும் சீமாட்டி! பல நூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியம். ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, வார்னிஷ் பளபளப்போடு மல்லுக்கட்டி, அதைப் படமெடுத்தவர் அவர்தான்.

"டேய், இது என் படம்டா!"

"அந்தம்மா படம், அத்தான். வாயைத் திறந்து வச்சிருக்காங்களே, பிஸ்கட்டுக்குப் பொருத்தமா இருக்கும்னு உங்க மியூசியம் வெப்சைட்லேருந்து எடுத்துக்கிட்டேன்," என்றான் பேக்கரிக்கார மச்சினன், கூசாமல்.

"கேஸ் போடுறேன் பாரு!"

"போடுங்க. அக்காவே சொல்லட்டும்."

மனைவி வக்கீல். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

"வரைஞ்சவர் செத்து எலும்புகூட மிஞ்சியிருக்காது. ஓவியம் இப்போ ஊர்ச் சொத்து. போட்டோவுல உங்க சொந்தச் சரக்கு ஏதாவது இருக்கான்னுதான் கேள்வி. நிறத்தைக் கொஞ்சம் மாத்துனீங்களா?"

"மாத்துறதா? என்னை என்னன்னு நெனச்சே?"

"வெளிச்சத்துல ஏதாவது விளையாட்டு?"

"விளையாட்டா! பக்கத்துல வச்சா எது ஓவியம், எது போட்டோன்னு மியூசியம் டைரக்டரே திணறினார்!"

"நல்லா கேட்டுக்கோக்கா," என்றான் தம்பி.

அவள் புருஷனுக்குக் கண்ஜாடை காட்டினாள். "யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு சின்ன நிழலாவது நீங்களா சேர்த்திருந்தா வாதாட ஒரு பிடி கிடைக்கும். அச்சு அசலா நகல் எடுத்திருந்தா, நம்ம சட்டத்துல உங்களுக்கு ஒண்ணும் கிடையாது."

ஆமாம், சேர்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மச்சினன் கொட்டம் அடங்கிவிடும். ஆனால் அது அருங்காட்சியகம் வரை எட்டினால், இத்தனை காலம் வாங்கிய பேர் என்னாவது?

"ஒரு மண்ணும் சேர்க்கல," என்றார் கடைசியில்.

"அப்போ கேஸும் இல்ல," என்று அவள் எழுந்துபோனாள்.

மச்சினன் சமாதானமாக ஒரு பிஸ்கட்டை நீட்டினான். அவர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

"ஏண்டா, கன்னம் ஏன் மஞ்சளா இருக்கு? காமாலை வந்தவ மாதிரி!"

"பிரஸ்ல அப்படித்தான் வந்துச்சு. யாரு பாக்கப்போறா?"

"யாரு பாக்கப்போறாவா? வண்டியை எடுடா!"

அன்று மத்தியானம் முழுக்க அச்சகத்தில் நின்று, மெஷின்காரரைப் பாடாய்ப் படுத்தி, சீமாட்டியின் கன்னத்தில் ரத்தம் ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

புதுப் பெட்டி வந்தபோது அதன் அடியில் பொடி எழுத்தில், "படம்: எங்கள் அத்தான்" என்றிருந்தது. அதை அலமாரியில், வருகிறவர் கண்ணிலெல்லாம் படுகிற மாதிரி கவிழ்த்து வைத்தார். பிஸ்கட் மட்டும் சுமார்தான் என்று எல்லோரிடமும் சொன்னார்.