எதிர்வீட்டு டீச்சருக்கு வாங்கிய களிம்பு

அந்த மருந்துக் கடையின் சுவரில் மாட்டியிருக்கும் மருந்தாளர் சான்றிதழ் முதலாளியுடையது. முதலாளி வாரத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்தித்தாளை மேய்ந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பதினெட்டு வருடமாகக் கடையை நடத்துவது கவுண்டரில் நிற்கும் நம் ஆள்தான். தெருவே அவரை அரை டாக்டர் என்று கூப்பிடும். கிண்டலுக்கு வைத்த பெயர். மனுஷர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார், என்ன செய்ய.

அரிப்பு என்று யாராவது வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாலே போதும், முழுதாகச் சொல்ல விடமாட்டார். புரிந்தது, புரிந்தது என்று சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் விட்டு மஞ்சள் டியூப் ஒன்றை எடுத்துப் போடுவார். அதற்குள் மூன்று மருந்து: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அரிப்பை அடக்க ஸ்டீராய்டு ஒன்று. படர்தாமரையா, சீழ்க்கட்டியா, வெறும் வேர்க்குருவா என்று யார் மண்டையை உடைத்துக்கொள்வது? மூன்றில் ஒன்று கேட்காமலா போய்விடும் என்பது அவர் கணக்கு. தடவிய மறுநாளே அரிப்பு அடங்கிவிடும். பத்து நாளில் அதே ஆள் திரும்பவும் வருவார், திரும்பவும் ஒரு டியூப். குணமானவன் எதற்குத் திரும்ப வருகிறான் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லையே.

மதியம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். தட்டில் கை வைத்ததும் கச்சேரி ஆரம்பம். யார் எப்படி நெளிந்தார்கள், பேங்க் மேனேஜர் இடுப்பைக் கவுண்டரில் தேய்த்துக்கொண்டே எப்படிப் பேசினார் என்று எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். எனக்கில்லை, என் நண்பனுக்கு என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் மாட்டினால் அன்றைக்குச் சாப்பாடு முடிய ஒரு மணி நேரம் ஆகும். "எந்த நண்பன்? உங்க இடுப்புல குடியிருக்கானே, அவனான்னு கேட்டேன்" என்பார். கடைசியில், குளிக்காத ஜனங்கள் என்று ஒரு முத்திரை. அவர் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அவள் ஒரு சலவையகத்தில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நீராவியில் நின்றுவிட்டு, நனைந்த துணியோடு மதியம் வந்து, சாப்பிட்ட கையோடு திரும்ப ஓடுவாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் அவள் மெதுவாகக் கேட்டாள். எதிர்வீட்டு டீச்சருக்கு அந்த மஞ்சள் டியூப் ஒன்று வேண்டுமாம், கடைக்கு வரக் கூச்சமாக இருக்கிறதாம். அரை டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் என்றால் சாமானியமா? கணக்கு டீச்சர். படிக்கட்டில் ஒரு காகிதத் துண்டு கிடந்தால் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி விசாரணை வைப்பவர். அவருக்கே அரிப்பா! மாதம் ஒன்று என்று ஆரம்பித்தது, போகப் போக வாரம் ஒன்று ஆனது. டீச்சர் இன்றைக்கு எந்தக் கணக்கைச் சொறிகிறார் என்று மனைவியிடம் தினம் கேட்பார். அவளும் சிரிப்பாள், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். புழுக்கமாக இருக்கிறது என்று அவள் கூடத்தில் தனியாகப் படுக்க ஆரம்பித்ததும், உள்ளாடைகளை வெயிலில் போடாமல் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஈரத்தோடு தொங்கவிட்டதும் அவர் கண்ணில் படவே இல்லை. ஊரில் உள்ளவர்களின் பொய்யெல்லாம் அத்துப்படி, தன் வீட்டுப் பொய் மட்டும் தெரியாத புத்திசாலி!

ஒரு வியாழக்கிழமை காலை, லேசாகக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள் மனைவி. மாத்திரை ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு இவர் படியிறங்கினார். கீழே நோட்டுப் புத்தகக் கட்டோடு ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் டீச்சர். நம் ஆளுக்குக் கருணை பொங்கிவிட்டது. பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, இப்போது இதைவிட வீரியமான டியூப் வந்திருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள் என்றார்.

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். எதற்கு டியூப் என்று கேட்டார். அரிப்புக்குத்தான், ஒன்றரை வருடமாக என் மனைவி மூலம் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள் என்றார் இவர், இன்னும் இளித்தபடியே.

டீச்சர் கட்டைத் தரையில் வைத்தார். "நான் உங்க வீட்டம்மாகிட்ட பேசியே நாலு மாசம் ஆகுது. அதுவும் தண்ணி மோட்டார் விஷயமா. எனக்கு எந்த அரிப்பும் இல்ல." அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. குரல் இறங்கியது. "நீங்க முதல்ல வீட்டுக்குள்ள போங்க."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தி முதலில் எங்கே போனது தெரியுமா? டியூபையெல்லாம் வெளியில் யாருக்கோ கொடுக்கிறாளோ என்று. மூன்று படி ஏறிய பிறகுதான் உறைத்தது. கூடத்துப் படுக்கை, குளியலறைக் கதவு, பாதியில் நின்ற சிரிப்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கதவைத் திறந்துகொண்டு நேராக அவளிடம் போனார்.

போர்வையை விலக்கச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை விட்டாள்.

ஐயோ, அதை அவர் பார்த்திருக்கவே வேண்டாம். இடுப்பிலிருந்து தொடை முழுக்க விளிம்பே இல்லாத சிவப்பு. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, அடியில் நரம்பு தெரிந்தது. தொடையின் உள்பக்கம் ஊதா நிறத்தில் விரல் அகலக் கோடுகள், பிளந்தது போல. வலது முழங்காலுக்குக் கீழே கால் வீங்கி நெருப்பாய்க் கொதித்தது. பதினெட்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் டியூப் கொடுத்திருப்பார், அதைத் தடவிய ஒரு தோலைக்கூட அவர் பார்த்ததில்லை. முதன்முதலாகப் பார்த்தது இதைத்தான்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா சிரிப்பீங்க" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "தினம் சாப்பிடறப்ப சிரிச்சீங்களே, அது என்னைத்தான்."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தோல் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. ஆரம்பத்தில் இது சாதாரணப் படர்தாமரை, பூஞ்சை. ஒழுங்கான மருந்தும் உலர்ந்த துணியும் இருந்தால் சில வாரத்தில் போயிருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை மட்டும் அமுக்கியது, உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டே இருந்தது, தோல் மெலிந்தது, சொறிந்த கீறல் வழியாக பாக்டீரியா காலுக்குள் இறங்கிவிட்டது என்றார். பேனாவை எடுத்து, கால் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டார். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி மேலே ஏறினால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும், ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

யார் கொடுத்த களிம்பு என்று கேட்டதற்கு, கடையில் வாங்கினேன் என்றாள் மனைவி. எந்தக் கடை என்றதும் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "தினம் இந்த மாதிரி எட்டுப் பேரைப் பாக்கறேன். கடை பேரை மட்டும் ஒருத்தரும் சொல்றதில்ல. குடுத்த ஆளை ஒரு நாள் இங்க நிக்கவெச்சு இந்தக் காலைக் காட்டணும்."

"நிக்கறேன் டாக்டர்" என்றார் அரை டாக்டர். "நான்தான் குடுத்தேன்."

இது ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டும் என்றார் டாக்டர். பிறகு இவரைச் சட்டையைத் தூக்கச் சொன்னார். பெல்ட் உரசிய தடம் என்று இவர் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது, இடுப்பில் அழகாக வட்டம் போட்ட படர்தாமரை. குளிக்காத ஜனங்களில் இவரும் ஒருவர்.

இரண்டு நாள் மனைவியின் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டிலிலிருந்து ஆன்டிபயாடிக் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் சாயங்காலம் சிவப்பு கோட்டைத் தொட்டது. இவர் ராத்திரி முழுக்க அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுநாள் காலை அங்கேயே நின்றது. மதியம் கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வராந்தாவில் போய் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இனி பூஞ்சைக்கு வாரக்கணக்கில் மாத்திரை, ஆளுக்கொரு துண்டு, எல்லாத் துணியும் வெயிலில். மஞ்சள் டியூபை நிறுத்தியதும் முதலில் அரிப்பு இன்னும் மோசமாகும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஊதாக் கோடுகளைப் பற்றி இவர் கேட்டார். நிறம் மங்கும், கோடு போகாது என்று பதில் வந்தது.

பத்து நாள் கழித்துக் கடையைத் திறந்தார். மஞ்சள் டியூப் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டி, முதலாளி உட்காரும் நாற்காலியில் வைத்தார். காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். சோப்பு கேட்டாள், சீப்பு கேட்டாள். கடையில் வேறு ஆள் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினாள். அரிப்புக்கு மஞ்சள் டியூப் ஒன்று தருவாரே, அது வேண்டும் என்றாள். எனக்கில்லை, பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்றும் சொன்னாள்.

பழக்க தோஷம், கை தானாகப் பின்னால் போயிற்று. காலி அலமாரியில் பட்டது. அவர் கையை இழுத்துக் கவுண்டர்மேல் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், அவள் பையைப் பார்த்தபடி பேசினார்.

"அந்த அக்காவை நாளைக்கே தோல் டாக்டர்கிட்ட போகச் சொல்லும்மா. வெட்கப்பட வேண்டாம்னு சொல்லு. எங்க வீட்டுலயும் அந்த அக்கா இருக்காங்க."