வசந்த காலத்து அலகு

அலகுக்கு ஏழு முறை நீலம் தெளித்தாள் லோர்னா ஸ்கார். ஏழையும் சுரண்டினாள். எட்டாவது நீலம் நின்றது.

செத்த வாத்தின் அலகு ஒரே நாளில் வெளுத்துவிடும். காய்ந்தால் சுருங்கியும் போகும். அதனால் வாத்து வளர்க்கும் ஹெக்லண்ட் தன் குளத்து வாத்தைக் கொன்று கொடுத்த அரை மணியில் அச்செடுத்து, தலையைப் பிசினில் வார்த்தாள். அது நீந்தியபோதே நிறத்தைக் குறித்து வைத்திருந்தாள். மூக்குத் துளைகளை ஊசியால் குடைந்து, ஒரு பக்கம் விளக்கைப் பிடித்தால் மறுபக்கம் ஒளி தெரியும்படி செய்தாள். பாடம் செய்த பறவைகளுக்கான போட்டியில் வெண்டல் புரோகாப்பிடமிருந்து இந்த வருடம் முதல் பரிசைப் பறிக்க வேண்டும். நான்கு வருடமாக அது அவனிடம்தான் இருந்தது.

ஆபர்டீன் ஹோட்டல் மண்டபத்தில் நடுவர் ஹாலிஸ் பீமர் அந்த அலகுக்குள் டார்ச்சை அடித்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். இமை ஓரத்தைப் பார்த்தார். குறை எழுதப் பேனாவை எடுக்கவில்லை.

"விட்டா நீந்திப் போயிடும்" என்றார்.

பின்னால் வெண்டல் சிரித்தான்.

"அலகு பிரமாதம், லோர்னா. எந்த மாசத்து அலகு?"

"உனக்குக் கண்ணு தெரியலையா?"

"நல்லாவே தெரியுது. ஜோடி தேடுற காலத்து நீலம். நமக்குக் காட்டு வாத்தைச் சுட அனுமதி அக்டோபர்லதான். அப்போ அது பழைய வாளி மாதிரி இருக்கும். நீ எப்போ சுட்ட?"

காபியோடு நின்றவர்கள் பக்கத்தில் வந்தார்கள்.

"சுடல. ஹெக்லண்ட் குளத்துல வளர்ந்தது. சீட்டு இருக்கு."

"சீட்டை எந்த வாத்து கால்ல வேணா கட்டலாம். வளர்ப்புன்னு அடையாளத்துக்கு ஹெக்லண்ட் தன் வாத்துக்கு எல்லாம் வலது கால் பின்விரலை வெட்டுவாரு. ஊருக்கே தெரியும். காட்டு பார்ப்போம்."

எல்லோரும் குனிந்தார்கள். வலது காலில் பின்விரல் நகத்தோடு இருந்தது.

லோர்னாவின் காது சுட்டது. மொட்டைக் காலோடு வாத்தை மேடையேற்ற அவளுக்கு மனம் வரவில்லை. இறுகிக் கெட்டியாகும் எபாக்ஸி மாவில் விரல் பிடித்து, செதில் செதிலாகக் கீறி ஒட்டியிருந்தாள். இந்தத் தொழிலில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"அது நான் செஞ்ச விரல்."

"ஆகா. எவ்வளவு அழகா செஞ்சிருக்க! சாட்சியே இல்லாம." வெண்டல் நடுவர் பக்கம் திரும்பினான். "வேட்டை அதிகாரி வெளியில ஆட்டுக்கறி தின்னுட்டிருக்காரு. கூப்பிடட்டா?"

"வாயை மூடு, வெண்டல்" என்றார் பீமர். பிறகு, "லோர்னா, புகார்னு வந்துட்டா நான் எழுதித்தான் ஆகணும். உன் உரிமம் போயிடும்."

"மேசையில இருக்குற அந்தக் குறட்டைக் குடுங்க."

"இப்போ அதுல கை வெச்சா, உடைஞ்சு எப்படி நிக்குதோ அப்படியேதான் மார்க் போடுவேன்."

"போடுங்க."

அவள் குறட்டால் விரலைப் பிடித்து முறித்தாள். உப்பு பிஸ்கட் உடைவது போலச் சத்தம் வந்தது. அடியில் குட்டையான ஒரு முனை. அதன் மேல் தோல் வழவழவென்று வளர்ந்து மூடியிருந்தது. செத்த பிறகு வெட்டினால் தோல் மூடாது. பீமர் அங்கே டார்ச்சை வெகுநேரம் பிடித்திருந்தார்.

"குஞ்சுலயே வெட்டினது" என்றார். "வளர்ப்பு வாத்துதான்."

வெண்டல் தோளைக் குலுக்கினான். "சரி. விரல் இல்லாத வாத்து. மார்க் போடுங்க."

பீமர் எழுதினார். காலுக்கு ஆறு குறைந்தது.

"தலைக்கு?" என்று கேட்டாள் லோர்னா.

"தலையில குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"அதையும் எழுதுங்க."

எழுதினார். கூட்டிப் பார்த்தபோது வெண்டல் இரண்டு புள்ளி முன்னால் இருந்தான். புகைப்படக்காரர் வந்தார். வெண்டல் கைகுலுக்க அவளிடம் கை நீட்டினான்.

லோர்னா வாத்தைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டாள்.

"வழியை விடு" என்றாள்.