இரண்டரைக் கிலோ

வேளாண் உதவியாளர் பாங்கர் வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, வெயில் படாமல் கைபேசித் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தார்.

"கிழக்கே முப்பத்தெட்டு தப்படி. அங்கேருந்து வடக்கே இருபத்தொண்ணு."

வயலுக்குச் சொந்தக்காரி துருபதா அந்தத் தூரத்தை மனசுக்குள் நடந்து பார்த்தாள். ஆவணி முழுக்கத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு இந்த வயலில் நடந்தவள் அவள். எந்தத் தப்படியில் எந்தச் செடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மூன்று ஏக்கர் சோயாவும் பூவோடு கருகிப்போனது. வற்றிய கிணற்றோரம் ஒரு வீட்டளவு இடம் மட்டும் பச்சையாக நின்றது. அது நாற்பதாவது தப்படியில் ஆரம்பித்தது.

வரப்பில் ஊர் உட்கார்ந்திருந்தது. யாரும் பீடி பற்ற வைக்கவில்லை. விளைச்சலை அளக்கக் கோரட்வாடி ஊருக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுந்தது இந்த ஒரே வயல்தான். கைபேசி காட்டும் இடத்தில் பத்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் கோரட்வாடியில் வறட்சி. வீட்டுக்கு வீடு நிவாரணப் பணம் வரும். இரண்டரையைத் தொட்டுவிட்டால் ஊரில் வறட்சியே இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் ஊர்த்தலைவர் ஞானோபாவும் பக்கத்து வயல் சுலாபாயும் அவள் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார்கள். சுலாபாய்க்கு எட்டு மாதம். இடுப்பில் கையை ஊன்றித்தான் நின்றாள்.

"பொழுது சாயறதுக்குள்ள மாட்ட அவுத்து உள்ள விடுக்கா," என்றாள் சுலாபாய். "ரெண்டு மாடு போதும். அர நாழியில மேஞ்சிரும்."

"விதைக்கு வச்சிருக்கேன்டி."

"விதையா? குடங்குடமா ஊத்தும்போதே கேட்டேன், பயிர வளக்கிறியா, புள்ளைய வளக்கிறியான்னு. இப்ப ஊருக்கே எமனா நிக்குது."

"மாட்ட விடாதே தங்கச்சி," என்று குறுக்கிட்டார் ஞானோபா. "மேஞ்ச தடம் தெரிஞ்சா ஏமாத்து வேலைன்னு எழுதிருவான். அப்புறம் மூணு வருஷத்துக்கு நம்ம ஊர்ப் பேர எடுத்தாலே ஃபைலத் தூக்கி எறிவானுங்க."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க அண்ணே?"

அவர் தலைப்பாகையைக் கழற்றி, உதறி, மறுபடி சுற்றினார். "மூணு ஏக்கர்ல அந்த மூலையிலயா வந்து விழும்? விழாது."

போகும்போது சுலாபாய் திரும்பி நின்றாள். "பணம் வரலேன்னா வெள்ளிக்கெழம கரும்பு வெட்டு லாரியில நானும் ஏறணும். மேஸ்திரிகிட்ட எங்க வீட்டுக்காரரு முன்பணம் கை நீட்டி வாங்கிட்டாரு. போன வருஷம் கரும்புச் சோகைமேல ஒருத்தி பெத்தாளே, தொப்புள்கொடிய வெட்டுக்கத்தியால அறுத்தாங்க. கத்தியில கரும்புச் சாறு காயல. நாந்தான் வெளக்குப் பிடிச்சேன்."

விடியற்காலையில் துருபதா அரிவாளோடு வயலுக்குப் போனாள். முதல் செடியின் தூரைப் பிடித்தாள். காய்கள் விரலில் கரகரத்தன. அறுத்தால் ஏமாற்று வேலை, அறுக்காவிட்டால் எமன். வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

இப்போது பாங்கர் நடக்கத் தொடங்கினார். குட்டையான மனிதர். அவர் தப்படி சின்னதாக இருக்கிறதே என்று ஒரு கணம் அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் ஒவ்வொரு எட்டையும் அகட்டி வைத்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. வடக்கே திரும்பி இருபத்தொன்று. குனிந்து முதல் முளையை அடித்தார்.

"இங்கேருந்து கெழக்கே பத்து மீட்டர் இழுங்க."

கயிற்றை இழுத்த ஞானோபா பச்சைக்குள் நடந்தார். நடக்க நடக்கச் செடி அவர் முழங்காலில் உரசியது. அவர் துருபதாவைப் பார்க்கவில்லை.

"சாகேப், இது குடத்துத் தண்ணியில நின்ன பயிரு," என்றார் அவர். "மழையில வந்ததில்ல. பக்கத்துல பாருங்க, தீ வச்சாப்பல கெடக்கு."

"எனக்குத் தெரியாதா ஞானோபாராவ்? கண்ணு இருக்கே." பாங்கர் நெற்றியைத் துடைத்துவிட்டுக் கைபேசியைக் காட்டினார். "ஆனா இந்த மெஷின்ல குடம்னு எழுத எடமில்ல. பக்கத்து வயலுக்கு மாத்தவும் விடாது."

இரண்டு பெண்கள் அறுத்தார்கள். மேற்கு ஓரத்தில் கருகிய நாலைந்து செடி, மற்றதெல்லாம் பச்சை. தார்ப்பாயில் பரப்பி, வெயிலில் காய விட்டு, கம்பால் அடித்தார்கள். காத்திருந்த நேரத்தில் யாரோ பாக்ரி ரொட்டிப் பொட்டலத்தை அவிழ்த்தார்கள். துருபதாவிடம் ஒருவரும் நீட்டவில்லை. கம்பு விழுந்த ஒவ்வொரு அடிக்கும் மணிகள் துள்ளுவதைப் பார்த்தபடி, துள்ளாதே, துள்ளாதே என்று அவள் உதடு முணுமுணுத்தது. பெற்ற பயிரைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் அவளுக்கு உறைத்தது.

தூற்றி, பையில் கட்டி, தராசில் மாட்டினார்கள். சிவப்பு எண்கள் ஓடின. துருபதா எழுத்துக் கூட்டத் தெரியாதவள், எண் தெரியும்.

"ரெண்டு நானூத்தி எழுபது," என்றார் பாங்கர்.

வரப்பிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒருவன் சிரித்தேவிட்டான். சுலாபாய் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் துருபதா பார்த்தாள். தார்ப்பாயின் மடிந்த ஓரத்தில் உடையாத காய்கள், ஒரு பிடி இருக்கும். அடிபடாமல் ஒதுங்கிக் கிடந்தன. அவள் ஓரடி நகர்ந்து, அதன்மேல் பாதத்தை வைத்தாள். காய்முனை உள்ளங்காலில் குத்தியது.

பாங்கர் நோட்டை எடுத்தார். மூடியைத் திறந்த பேனா பாதியில் நின்றது. குனிந்து தார்ப்பாயைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு மணி விடக்கூடாது. மேல யாராவது வந்து பாத்தா என் வேல போயிரும்." அவர் பார்வை அவள் காலில் வந்து நின்றது. "காலை எடுங்கம்மா."

அவள் எடுக்கவில்லை.

"வயல்லதான நிக்கிறேன் சாகேப். என் வயல்."

"ஒங்க வயல்தாம்மா. காலை எடுங்க."

ஊர் முழுதும் அவள் பாதத்தையே பார்த்தது. ஞானோபா மெல்ல, "எடு தங்கச்சி. தப்பாயிரும்," என்றார். அவள் எடுத்தாள். சில காய்கள் அவள் காலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தன. பாங்கர் அதையும் தட்டிவிட்டுப் பொறுக்கினார். உரித்தார். நிதானமாக, ஒவ்வொன்றாக.

தராசு மறுபடி ஓடி நின்றது. இரண்டு கிலோ ஐந்நூற்றுப் பத்து.

சுலாபாய் எழுந்திருக்க முயன்று முடியாமல் கையை நீட்டினாள். துருபதா ஓடிப்போய்ப் பிடிக்கக் குனிந்தாள். சுலாபாய் கையை இழுத்துக்கொண்டு, தரையை ஊன்றித் தானே எழுந்தாள்.

"பத்து கிராம் சாகேப்," என்றார் ஞானோபா. "பத்து கிராம். ஒரு வாய் தூசி."

"தராசு சொல்றதத்தான் எழுதறேன்." பாங்கரின் குரல் தாழ்ந்திருந்தது. எழுதி முடித்து, துருபதாவின் கைரேகைக்கு மை நீட்டினார். பிறகு, பிராயச்சித்தம்போல, கொஞ்சம் தெம்பாகப் பேசினார். "மேலிடத்துல இவங்களப் பத்தி நல்லா சொல்லுவேன். உழைச்சா இந்த வறட்சியிலயும் விளையும்னு காட்டிட்டாங்கல்ல? மத்தவங்களும் இப்படி ஊத்தியிருந்தா நிவாரணமே கேக்க வேண்டியதில்ல."

"எந்தத் தண்ணிய சாகேப்?" என்றாள் துருபதா. "பயறு கழுவின தண்ணி, துணி அலசின தண்ணி. எங்க வீட்ல நாலு நாளைக்கு ஒரு தடவதான் குளிச்சோம்."

அதை எழுதவும் அவரிடம் இடமில்லை. எடை போட்டது நிலத்துக்காரருக்கே என்பது விதி. அவள் முந்தானையை விரிக்கச் சொல்லிப் பையைக் கவிழ்த்தார். இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு அவள் நின்றாள்.

"ஒரு போட்டோ. விவசாயியோட எடுக்கணும், இல்லேன்னா மெஷின் ஏத்துக்காது. வெயில் எதிர்ல அடிக்குது, கிணத்துக்கு முதுகு காட்டித் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். அந்த மிச்சப் பச்சை பின்னால வரட்டும்."

அவள் திரும்பினாள். இப்போது அவளுக்கு எதிரே கருகின மூன்று ஏக்கரும், அதற்கப்பால் சுலாபாயின் வயலும் கிடந்தன. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்புறத்தைத் தட்டிக்கொண்டு அதன் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் சுலாபாய், கால்களை அகட்டி வைத்து, வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி.

"அங்க பாக்காதீங்கம்மா," என்றார் பாங்கர். "இங்க, என்னப் பாருங்க."