நெற்றியில் வைத்த பெருவிரல்

பேஸ்போலில் ஆரூரனுக்குக் கிடைத்தது ஒரு கேடுகெட்ட வேலை. முதலில் பந்து எறிந்தவனின் கை களைத்து, ஆட்டம் கைவிட்டுப் போகிற நேரம் பார்த்துத்தான் அவனை இறக்குவார்கள். காப்பாற்றினால் முன்னால் எறிந்தவனுக்குப் பெயர், கவிழ்ந்தால் இவனுக்குத் திட்டு. கனடாவின் மொன்றியல் குழுவில் காதோரம் நரைக்கும் வரை அவன் பார்த்தது இந்த வேலையைத்தான்.

அந்த ஞாயிறு பின்னேரம் மட்டும் அவன் சந்தோசமாக மைதானத்துக்குள் ஓடினான். அமெரிக்கக் குழு ஒன்றுக்கு ஆள் எடுக்கிற மனிதர் அவனைப் பார்க்கவென்றே வந்து உட்கார்ந்திருந்தார். இந்த வயதில் இனி ஒருவரும் வரப்போவதில்லை. ஒழுங்காக எறிந்தால் அமெரிக்கா, இல்லாவிட்டால் புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

எதிரணி ஆட்கள் உட்காரும் வாங்கில் வலன்ரைன் இருந்தான். மட்டக்களப்புக் குடும்பம், கர்க்லாண்டில் ஆரூரன் வீடும் அவன் வீடும் ஒரே தெரு. சின்ன வயதிலிருந்தே ஆரூரன் எறிய, அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடித்தவன் அவன். போன வருசம்தான் மற்றக் குழுவுக்கு மாறினான். மாறினால் என்ன, ஆட்டம் முடிய அவனுக்குச் சாப்பாடு ஆரூரனின் மனைவி நிரஞ்சனியின் சமையல்தான்.

ஆரூரனின் வேகப்பந்து அன்று நன்றாகத்தான் போனது. ஆனால் அவன் சோறு மெதுப்பந்தில். அதே வேகத்தில் கையை வீசி மெதுவாக விடுவான். அடிக்கிறவன் ஏமாந்து முந்திக்கொண்டு மட்டையைச் சுழற்றுவான். அன்று ஒருவனும் ஏமாறவில்லை. வேகப்பந்துகளை விட்டுவிட்டு, மெதுப்பந்துக்குச் சொல்லிவைத்த மாதிரிக் காத்திருந்து விளாசினார்கள். கடைசிப் பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்தது. அமெரிக்காக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார்.

ஆரூரன் மடையன் இல்லை. எதிரணி வாங்கைப் பார்த்தான். வலன்ரைன் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

வாகனத் தரிப்பிடத்தில் அவனைப் பிடித்தான்.

"என்னத்தையடா சொல்லிக் குடுத்தனி?"

வலன்ரைன் ஒளிக்கவில்லை. "மெதுப்பந்து எறிய முதல் பெருவிரலை நெத்தியில வைக்கிறாய். மற்றதுக்கு வைக்கிறேல்லை."

ஆரூரனின் கை தானாக நெற்றிக்குப் போனது. காலையில் அம்மா திருநீறு பூசிவிடுகிற இடம். எல்லாப் பந்துக்கும் தொட்டுக் கும்பிடுவதாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தான்.

"பயப்பிடுற பந்துக்கு மட்டும்தான் நீ பிள்ளையாரைக் கூப்பிடுறாய், மச்சான்."

சரி, மற்றக் குழுவில் விளையாடுகிறவன் தன் ஆட்களுக்குச் சொல்லத்தானே செய்வான். அதை ஆரூரன் எப்படியாவது விழுங்கியிருப்பான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எப்ப கண்டனி?"

"முந்தியே."

"எவ்வளவு முந்தி?"

வலன்ரைன் காரின் கண்ணாடியைப் பார்த்தான். "நீ புளோரிடாவுக்குப் போக முதல்."

புளோரிடா. இளவயதில் அங்கே ஒரு அமெரிக்கக் குழுவில் அவனைப் பரீட்சித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அழுதுகொண்டு வந்தவனை வலன்ரைன்தான் தோளில் சாய்த்து, "உன்ர எறியில ஒரு பிழையுமில்லை. அவங்கள் நிறம் பாக்கிறாங்கள்" என்றான். ஆரூரன் அதை நம்பினான். பிறகு போன இடமெல்லாம் அடிவாங்கி வந்து, அதையே சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டான். இவன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே பக்கத்தில் இருந்து பியர் ஊற்றியிருக்கிறான். பாவி.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ திருத்திப்போட்டுப் போயிருப்பாய். உன்ர பந்தைப் பிடிக்கிறதுக்கெண்டுதான் என்னை வைச்சிருந்தவங்கள். நீ போனா என்னை ஆர் தேடுவாங்கள்?"

"பேந்து ஏன் நீ மற்றக் குழுவுக்குப் போனனி?"

"கூப்பிட்டாங்கள்," என்றான் வலன்ரைன்.

ஆரூரனுக்கு அவன் முகத்தில் ஒன்று போட வேண்டும் போல் இருந்தது. ஆனால் எறிந்து எறிந்து தேய்ந்த அந்தக் கை இன்னொரு முறை வீசவே மாட்டேன் என்றது. காரைத் திறந்து ஏறி உட்கார்ந்தான்.

வலன்ரைன் வழக்கம்போல மற்றப் பக்கத்துக் கதவில் கை வைத்தான்.

"நிரஞ்சனி உனக்கெண்டு நண்டு சமைச்சு வைச்சிருக்கிறாள்," என்றான் ஆரூரன். "நான் திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் என்னோட இருந்து அழுதவள் அவள். ஏறு. இப்ப எனக்குச் சொன்னதை அவளின்ர முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டு இருந்து சாப்பிடு."

வலன்ரைன் கதவிலிருந்து கையை எடுத்தான்.