டீச்சருக்குக் குரல் போன வாரம்

ஆனையூர்ப் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த பாதிரியார் முதல் வேலையாக அன்பியங்களைத் தொடங்கினார். அக்கம்பக்கத்துத் தெருக்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, வாரம் ஒரு சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, வாசகம் வாசித்து, செபம் சொல்லி, ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. செவ்வந்தி நகர் அன்பியத்துக்கு யார் பொறுப்பு என்று சாமி கேட்டபோது, பூசைக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் ஜோசபின் டீச்சரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜோசபின் ஒரு மிஷன் பள்ளியில் பல வருடங்களாகக் கணக்கு நடத்துகிறவர். எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. செவ்வந்தி நகரோ புதிதாக எழும்பிய குடியிருப்பு. திண்டுக்கல்லில் இருந்தும் சிவகங்கையில் இருந்தும் வந்து வீடு கட்டியவர்கள், வாடகைக்கு வந்தவர்கள். கேட்டைப் பூட்டும்போது எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான் பழக்கம்.

முதல் கூட்டத்தில் டீச்சர் வீட்டு ஹால் நிறைந்துவிட்டது. ஒரு வாரம் தயாரித்துவைத்ததை எல்லாம் ஜோசபின் சொன்னார். வாசகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து விளக்கினார். கேள்வி கேட்டார். யாராவது பதிலுக்குத் தயங்கினால் தாமே பதிலையும் சொன்னார். எல்லாரும் தலையாட்டிவிட்டுச் சுண்டல் சாப்பிட்டுப் போனார்கள். மறுவாரம் பாதிப் பேர்தான் வந்தார்கள். பிள்ளைக்குப் பரீட்சை, நைட் ஷிப்ட், தலைவலி என்று வாட்ஸப்பில் காரணங்கள் வந்து விழுந்தன. நாலாவது வாரம் டோனி மட்டும் வந்தார். கூடல்நகர்ப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார்.

"ஜனங்களுக்கு விசுவாசமே குறைஞ்சுபோச்சு" என்றார் ஜோசபின், தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

அவர் கணவர் லாசர் மின்வாரிய அலுவலகத்தில் கிளார்க். அதிகம் பேசாதவர். "அப்படியும் இருக்கலாம். ஆனா டோனி ரெண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. நீ அதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிட்ட" என்றார்.

ஜோசபின் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் ஒரு கணக்கின் நடுவில் அவருக்குக் குரல் கரகரத்தது. மத்தியானத்துக்குள் காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கியிருப்பதாகச் சொன்னார். "ரெண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாதும்மா. கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்." பள்ளியில் விடுப்பு கொடுத்தார்கள்.

வியாழக்கிழமைக் கூட்டம் இல்லை என்று எல்லாருக்கும் சொல்லிவிடும்படி ஜோசபின் கையை ஆட்டிக் கணவரிடம் காட்டினார். லாசர் தலையாட்டிவிட்டுப் போனை எடுத்து, டீச்சருக்குக் குரல் போய்விட்டது, இரண்டு வாரம் பேசக்கூடாது என்று அன்பியக் குழுவில் போட்டார். வேறு ஒன்றும் போடவில்லை.

வியாழன் சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. டோனியும் அவர் மனைவி ஜாய்ஸும் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். பின்னாலேயே மூன்றாவது தெருக் குடும்பம், அதற்கப்புறம் இன்னும் சிலர். நோயாளியைப் பார்க்கத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். ஜோசபின் கணவரை முறைத்தார். "கூட்டம் இல்லைன்னு போட விட்டுப்போச்சு போல" என்றார் லாசர். அவர் முகத்தில் மறந்த அடையாளமே இல்லை.

கடைசியாக ஆன்சி வந்தாள். மாசி வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவள். எழுமலைக்காரர் முத்துப்பாண்டியை ரிஜிஸ்டர் ஆபீசில் திருமணம் செய்தவள். அவர் இந்து, மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போகும் மினி வேன் ஓட்டுகிறார். ஆன்சி இதுவரை ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.

"பனங்கற்கண்டு டீச்சர். மாமியார் ஊருல இருந்து குடுத்துவிட்டாக. மிளகு தட்டிப்போட்டுக் குடிங்க" என்று பொட்டலத்தை நீட்டினாள்.

முத்துப்பாண்டி வெளியே வேனில் சாய்ந்துகொண்டு நின்றார். லாசர் வாசலுக்குப் போனார். "உள்ள வாங்க மாப்ள. வெளிய கொசு கடிக்கும்."

"இருக்கட்டும் சார், நான் இப்பிடியே நிக்கிறேன்."

"அட வாங்க."

முத்துப்பாண்டி வந்து கதவோரம் உட்கார்ந்தார்.

இத்தனை பேர் கூடிவிட்டார்களே, வாசகத்தையாவது வாசித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஜாய்ஸ் வாசித்தார். நடக்க முடியாத ஒருவரை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்து இறக்கிய பகுதி அது. வாசித்து முடித்ததும் ஜாய்ஸ் பைபிளை மூடினார். ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜோசபினுக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து டோனி தொண்டையைச் செருமினார்.

"இந்த நாலு பேரு எனக்குக் கிடைக்கலங்க" என்றார். "இங்கன மாடியில குடியிருந்தப்ப இவ வழுக்கி விழுந்து தொடை எலும்பு ஒடைஞ்சுபோச்சு. ஆம்புலன்ஸ் வந்துச்சு. மாடிப்படி குறுகல், ரெண்டு பேரா இறக்க முடியல. ஆள் கூப்பிடத் தெருவுக்கு ஓடினேன். யாரு பேரும் தெரியல. என்னன்னு சொல்லிக் கூப்பிட? அப்பிடியே நின்னேன். கடைசில கட்டட வேலைக்கு வந்த ஆளுகதான் தூக்கிவிட்டாக."

"அத ஏன் இப்பச் சொல்றீங்க" என்றார் ஜாய்ஸ் மெதுவாக.

அந்த ஹாலில் இருந்த யாருக்கும் இது தெரியாது. ஜோசபின் வாயைத் திறந்தார். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவர் கருத்துச் சொல்வார். சத்தம் வரவில்லை; வாயை மூடிக்கொண்டார். அந்த இடைவெளியில்தான் ஆன்சி பேசினாள்.

"நானும் அப்பிடித்தாண்ணே நிக்கிறேன். கோயில்ல கல்யாணம் நடக்கலன்னு என்னையச் சேத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு, பூசை முடியுமுன்னயே எந்திரிச்சுப் போயிருவேன்."

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய் ஆன்சிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆன்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

கதவோரத்தில் இருந்து முத்துப்பாண்டி, "அண்ணே, என் நம்பரக் குறிச்சுக்கங்க" என்றார் டோனியிடம். "எந்நேரம்னாலும் கூப்பிடுங்க. வண்டி இருக்கு, நானும் இருக்கேன்." எல்லாரும் போனை எடுத்தார்கள். அப்புறம்தான் பேச்சு உண்மையிலேயே தொடங்கியது. ஒருவரிடம் மகன் பேசுவதில்லை, ஒருவருக்கு வேலை போகும் பயம். செபம் சொல்லும்போது முத்துப்பாண்டி வார்த்தை தெரியாமல் கைகூப்பி நின்றார்.

மறுவாரம் தங்கள் வீட்டில் வைக்கச் சொல்லி ஆன்சிதான் கேட்டாள். சின்ன வீடு. முருகன் காலண்டரும் மாதா படமும் ஒரே சுவரில் இருந்தன. உட்கார இடம் போதாமல் முத்துப்பாண்டி வேனில் இருந்து தார்ப்பாயை எடுத்து வந்து வாசலில் விரித்தார். ஜோசபின் அன்றைக்கும் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்; இத்தனை நாளும் கேட்காத எத்தனையோ அவர் காதில் விழுந்தன.

குரல் திரும்பிய பிறகு அவருக்கு அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை விரல்களைக் கோத்துக்கொண்டு காத்திருப்பார். ஒருநாள் தன்னை மறந்து நீளமாகப் பேசிவிட்டார். "டீச்சர், பெல் அடிச்சு ரொம்ப நேரமாச்சு" என்றார் ஜாய்ஸ். ஜோசபினும் சேர்ந்து சிரித்தார்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் எந்த வீட்டிலும் இடம் போதவில்லை. இரண்டாகப் பிரித்துவிடலாம், புதிதாகக் குடிவருகிறவர்களுக்கான அன்பியத்தை டோனி பார்த்துக்கொள்ளட்டும் என்று சாமி சொன்னார்.

"எனக்குப் பேச வராது சாமி" என்றார் டோனி.

ஜோசபினுக்கும் இஷ்டமில்லை. "டோனியையும் ஜாய்ஸையும் அனுப்பிட்டா எங்களுக்கு யாரு சாமி இருக்காங்க" என்றார். சாமி திரும்பிப் பார்த்தார். கோயில் வாசலில் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. ஜோசபின் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டோனியிடம், "இவங்கள மாதிரி புதுசா வர்றவங்களக் கூட்டி நீங்களே நடத்துங்க" என்றார்.

புதிய அன்பியம் கூடிய முதல் சாயங்காலம் டீச்சருக்குப் போன் வந்தது.

"டீச்சர், ஒரு புருசன் பொண்டாட்டி மட்டுந்தான் வந்துருக்காக" என்றார் டோனி, ஒதுங்கி நின்று பேசுகிற குரலில். "இம்புட்டு நாற்காலி போட்டு வச்சுருக்கேன். என்ன செய்ய?"

"அவங்க எந்த ஊரு?"

"தெரியல டீச்சர்."

"அப்ப ஏன் என்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கீங்க? உள்ள போங்க" என்றார் ஜோசபின்.

டோனி சிரிப்பது கேட்டது. போனை அணைக்க மறந்து சட்டைப் பையில் போட்டிருக்க வேண்டும்; நாற்காலியை இழுக்கும் சத்தமும், "நீங்க எந்தப் பக்கம்ணே?" என்று அவர் கேட்பதும், யாரோ ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்குவதும் காதில் விழுந்தன. ஜோசபின் போனை அணைத்தார்.