நல்லவங்க கொடுத்த மெட்டு

கல்லின் மேல் போர்த்தியிருந்தது செனன் டால்ட்டி வீட்டு மேஜை விரிப்பு. ஓரத்தில் பீட்ரூட் கறை அப்படியே இருந்தது. என் புருஷனுக்கு வைக்கிற கல்லுக்கு ஒரு துவைத்த துணிகூடவா இந்த ஊரில் கிடைக்கவில்லை என்று டிம்ப்னா ஹெஹிருக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தாள். அந்தக் கல்லில் வெட்டி வைத்திருக்கிற புளுகுக்கு இந்தத் துணியே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கோட்டைமேட்டில் கூடியிருந்தது. கோட்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வட்டமாக ஒரு மண்கரை, கரைமேல் முள்மரங்கள், நடுவில் புல். அதற்கு அடியில் மனுஷர் கண்ணில் படாத மாயக்கூட்டத்தார், நல்லவங்க, குடியிருக்கிறார்களாம். அவர்களுடைய சொந்தப் பேரைச் சொன்னால் கோபம் வந்துவிடும் என்று ஊரே அவர்களை ‘நல்லவங்க’ என்றுதான் சொல்லும். அங்கே ஒரு முள்மரத்தை வெட்டச் சொன்னால் அயர்லாந்தின் இந்தக் கிளேர் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்த மட்டும் தாராளமாகக் கிடைக்கும். நல்லவங்களுக்கு அதெல்லாம் கண்ணில் படாது போலிருக்கிறது.

கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்: ‘இவ்விடத்தில் நல்லவர்கள் கோல்மன் ஹெஹிருக்கு ஒரு மெட்டு அளித்தார்கள்.’

அளித்தார்களாம்! அந்த மெட்டைப் போட்டது டிம்ப்னா. கல்யாணமான புதிதில், அடுப்படியில் வெண்ணெய் கடையும்போது போட்டது. மரத்தொட்டியில் மத்து ஏறி இறங்குகிற தாளம்தான் முதல் பாதி. இரண்டாம் பாதியில் ஓர் இடத்தில் மெட்டு சட்டென்று தடுக்கி நிற்கும். அந்த நேரத்தில் வெண்ணெய் திரண்டு கை நின்றது, அவ்வளவுதான் விஷயம். அது காதுக்கு நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள். ஊர் சொல்கிற கதை வேறு. அந்த இடத்தில் சேவல் கூவியதாம், நல்லவங்க பாட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போனார்களாம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், கூட இருந்து பார்த்ததுபோல.

மெட்டுப் போட்ட அன்று சாயங்காலமே அவள் தன் கான்செர்டினாவை மடியில் வைத்து, துருத்தியை விரித்துச் சுருக்கி அதை வாசித்துக் காட்டினாள். கோல்மன் பிடிலில் எடுத்துக்கொண்டான். பிறகு ஒரு கல்யாண வீட்டில் வாசித்திருக்கிறான். எங்கே பிடித்தாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

“பொண்டாட்டி போட்டதுன்னு சொன்னா, ஓகோன்னு தலைய ஆட்டிட்டு அடுத்த மெட்டு வாசின்னுருப்பாங்க. கோட்டைமேட்டுல காதுல விழுந்துச்சுன்னு எடுத்து விட்டேன். அப்படியே வாயப் பொளந்துட்டாங்க டிம்ப்னா!” என்று வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

அவளும் சிரித்தாள். வருஷம் போகப் போக அந்தச் சிரிப்பு புளித்துப் போனது. சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நிஜமாகிவிட்டது. நெஞ்சுச்சளி முற்றிப் படுக்கையில் கிடந்தபோது, அந்தக் கதையை அவளிடமே சொன்னான், அவள் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்பதுபோல. அதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இன்றைக்குக் கல் வைத்துவிட்டார்கள். சொன்ன வாய் மறக்கலாம், கல் மறக்காது. இன்று விட்டால் அந்த மெட்டு என்றைக்கும் அவளுடையது இல்லை. அது தெரிந்துதான் வந்திருந்தாள்.

மதுக்கடைக்காரன் செனன், விழாக் குழுத் தலைவனும் அவன்தான், துணியில் கட்டிய கயிற்றை அவள் கையில் கொடுத்தான். “இழுங்க டிம்ப்னா. மெல்லமா.”

“இழுக்க மாட்டேன். கல்லுல இருக்கறது பொய். அந்த மெட்டு நான் போட்டது.”

கோல்மனின் தங்கை டெலியா சட்டென்று வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். “அண்ணி, என்ன பேச்சு இது? இங்க நின்னுக்கிட்டா?”

“வேற எங்க நின்னு சொல்லணுங்கற? அடுப்படியில வெண்ணெய் கடையறப்போ போட்டேன். உங்கண்ணன் இந்த மேட்டுப் பக்கமே வந்ததில்ல. இருட்டுன்னா அவருக்குத் தொடை நடுங்கும்.”

செனன் சிரிக்கவில்லை. அவளைக் கூர்ந்து பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த மடத்தனமான வெளிச்சத்தைப் பார்த்ததுமே டிம்ப்னா கயிற்றைக் கீழே விட்டுவிட்டாள்.

“அப்போ உங்களுக்கும் கொடுத்திருக்காங்க,” என்றான், குரலைத் தாழ்த்தி.

“என்னது?”

“அவங்ககிட்ட மெட்டு வாங்கினவங்க வெளிய சொல்லக் கூடாது. சொன்னா ஆள் இருக்க மாட்டாங்க. கோல்மன் சொன்னாரு, போய்ச் சேந்தாரு. நீங்க வெவரம். நானே போட்டேன்னு மூடி வெக்கறீங்க.”

“அந்த மனுஷன் போனது சுருட்டுப் புகையால! மழையில தொப்பி போடாம அலைஞ்சதால!”

“சரிதான், சரிதான். நீங்க அப்படித்தான் சொல்லியாகணும்,” என்று செனன் கண்ணடித்தான். பின்னால் நின்றவர்கள் மரியாதையோடு தலையாட்டினார்கள். டெலியா பிடித்த கையைப் பயந்து விட்டுவிட்டாள்.

ஆமாம் என்றால் நல்லவங்க கொடுத்தது. இல்லை என்றாலும் நல்லவங்க கொடுத்தது. இந்த ஊரில் ஒரு மாடு கன்று போட்டாலும் மாட்டுக்குப் பேர் கிடைக்காது என்று நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழுவதற்கு இதே மேட்டில் உயிரை விடலாம் என்று அதை விழுங்கிக்கொண்டாள்.

“எல்லாரும் நில்லுங்க,” என்றாள். “இப்போ ஒண்ணு போடறேன். உங்க கண்ணு முன்னாடி. எவன் வந்து என் காதுல ஓதறான்னு நல்லாப் பாத்துக்குங்க.”

விழாவில் வாசிக்கக் கொண்டுவரச் சொல்லியிருந்த கான்செர்டினா கையில்தான் இருந்தது. கல் திறப்பு விருந்துக்குப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தாள். காற்றில் அந்தக் கயிறு கல்லின் மேல் தப், தப்தப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். முதல் அடி சரியாக வரவில்லை. “ம்ஹும், நாராசம்,” என்று அவளே சொல்லிவிட்டு மாற்றினாள். மறுபடி மாற்றினாள். ஓர் இடத்தில் ஏறிப் பார்த்தாள், ஏறியது பிடிக்கவில்லை, இறங்கினாள். வந்த வழியே திரும்பப் போனாள். விழாவில் வாசிக்க வந்திருந்த பிடில்காரர்கள் கொட்டாவி விட்டார்கள்.

மெட்டு பிறப்பதைப் பார்க்க இந்த ஊருக்குப் பொறுமை கிடையாது. கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் பன்றித்தொடை சாண்ட்விச் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் தங்களுக்குக் கிடைப்பதற்கு முன்னால் அது தீர்ந்துவிடுமோ என்று நகர்ந்தார்கள். டிம்ப்னா தலை நிமிரவில்லை. துணி ஒருமுறை படபடத்ததில் இரண்டாம் பாதி கிடைத்தது. முழுசாக ஒரு தடவை வாசித்தாள். கை வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

நிமிர்ந்தபோது எதிரில் செனன் மட்டும் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். வாயில் சாண்ட்விச்.

“மோசமில்ல டிம்ப்னா,” என்றான் மென்றுகொண்டே. “தப்பா எடுத்துக்காதீங்க, அவங்களோட மெட்டு மாதிரி வரல. இது ஏதோ மனுஷங்க போட்ட மாதிரி இருக்கு.”

டிம்ப்னா அவனை வெறித்துப் பார்த்தாள். வாழ்நாளில் எவனும் அவளுக்குச் செய்யாத மரியாதையை, ஏளனம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இந்த முட்டாள் செய்துவிட்டான்.

“எந்த மனுஷங்க?” என்றாள்.

“எந்த மனுஷங்கன்னா? நீங்கதான். நாந்தான் பாத்துட்டு நின்னேனே. அம்மாடி, எத்தன தப்பு!”

“அதை ஊர் பூரா சொல்லு.”

“சொல்லாம? டால்ட்டி வாயில எது நின்னுருக்கு? சரி, இதுக்குப் பேரு என்னன்னு சொல்ல?”

“டிம்ப்னா ஹெஹிர் மெட்டு.” அவள் கான்செர்டினாவின் வாரைக் கட்டினாள். “வேற எவன் பேரையாவது, இல்ல எந்தக் குழியில இருக்கறவங்க பேரையாவது சொன்னே, உன் கடை வாசல்ல நின்னு நீ பீர்ல தண்ணி கலக்கறதப் பாட்டாப் போட்டு வாசிப்பேன்.”

செனன் அவசரமாகத் தலையாட்டினான். கயிற்றை இழுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. சில நாள் கழித்துக் காற்றுதான் அந்த மேஜை விரிப்பைத் தூக்கி, ஒரு முள்மரத்தின் உச்சியில் மாட்டிவிட்டுப் போனது. நல்லவங்க கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று செனன் அதை எடுக்கப் போகவேயில்லை. பீட்ரூட் கறையோடு இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டிம்ப்னா தன் மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டே போவாள்.